மார்ச் 15-க்குள்

அன்புள்ள செல்வி,

திட்டுவதையெல்லாம் சேர்த்து வை. ஊருக்கு வரும்போது மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். போனில் பேசிவிடலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். ஆனால் நீ நடுவில் குக்கரை அணைக்கப் போவாய், நான் அழ ஆரம்பிப்பேன், சொல்ல வந்தது பாதியில் நிற்கும். அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாமே. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு. சீரியல் பார்க்காதீர்கள் என்றால் அவர்கள் கேட்கவா போகிறார்கள்! இங்கே எல்லோரும் சுகம். பனி இன்னும் விட்டபாடில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

யாழினி காலேஜ் மாறப்போகிறாளாம். சேர்ந்து ஒரு செமஸ்டர்தான் முடிந்திருக்கிறது. எங்கே என்று கேள்: கார்னெல், நியூயார்க் மாநிலத்தில் இருக்கிற பேர் பெற்ற பல்கலைக்கழகம். போன வருஷம் இடமில்லை என்று சொன்னார்களே, அதே கார்னெல்தான். மார்ச் 15-க்குள் விண்ணப்பம் போயாக வேண்டும்.

ஏட்டி, நம்ம இம்ப்ரூவ்மென்ட் மேரி ஞாபகம் இருக்கிறதா? பிளஸ் டூ பரீட்சையை மறுபடி எழுதினால் எப்படியும் மெடிக்கல் கிடைத்துவிடும் என்று டிரங்குப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல், கடைசி பெஞ்சில் பிளஸ் டூ புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே. நம் முதல் வருஷ போட்டோ ஒன்றில்கூட அவள் கிடையாது. இவள் ஹாஸ்டல் அறையைப் பார்த்ததும் எனக்கு மேரிதான் கண்ணில் வந்தாள். கூட இருக்கிற பெண்ணின் பக்கம் சுவர் முழுக்க போட்டோ, சீரியல் பல்பு, யாரோ கொடுத்த பொம்மை. இவள் பக்கம் வெறும் வெள்ளைச் சுவர். ஒரே ஒரு படம், பார்பரா மெக்கிளின்டாக். நீ வகுப்பில் நடத்துகிறவள்தானே, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மக்காச்சோளத்தில் மரபணு இடம் விட்டு இடம் தாவுகிறது என்று கண்டுபிடித்து 1983-இல் நோபல் வாங்கிய அம்மாள். 1919-இல் கார்னெல் வேளாண் கல்லூரியில் சேர்ந்தவர். காலேஜுக்குப் போனால் கல்யாணம் ஆகாது என்று அவருடைய அம்மாவே தடுத்தாராம். "எல்லா அம்மாவும் ஒரே மாதிரிதான்" என்று என்னைக் குத்துகிறாள். தாவுகிற மரபணுவின் படத்தை மாட்டினால் பிள்ளை தாவத்தானே செய்யும் என்று அவள் அப்பா ஒரு ஜோக் அடித்தார். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் அந்தக் கண்டுபிடிப்பு கார்னெலில் நடக்கவில்லை. அங்கே நிரந்தர வேலை கிடைக்காமல்தான் அவர் வெளியே போனார். தாவும் மரபணு வேலையெல்லாம் பின்னால் 1940-களில், கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில். இதைச் சொன்னேன். "அம்மா, ப்ளீஸ்" என்று போனை வைத்துவிட்டாள்.

இந்த ஊர் முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உனக்குப் புரியும். ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ ஒரு காலேஜில் படித்துவிட்டு வேறு காலேஜுக்கு மாறுவது இங்கே சாதாரணம். ஆனால் பெயர் பெற்ற இடங்களில் கதவு ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்கும். ஹார்வர்டில் வருஷத்துக்குச் சுமார் 12 பேரைத்தான் அப்படி எடுக்கிறார்கள். பிரின்ஸ்டன் 1990-இல் ஒரேயடியாக நிறுத்திவிட்டு 2018-இல்தான் மறுபடி தொடங்கியது. காரணம் எளிது. உள்ளே போனவர்கள் யாரும் பாதியில் போவதில்லை, அதனால் கட்டில் காலியாவதில்லை. கார்னெல் அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் தாராளம், ஆண்டுதோறும் சில நூறு பேரைச் சேர்த்துக்கொள்கிறது. அதிலும் வேளாண் கல்லூரி நிறையப் பேரை எடுக்கும். ஆகவே இவள் கணக்கு முழுப் பைத்தியக்காரத்தனம் என்றும் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். நடக்கவே நடக்காது என்றால் நிம்மதியாகத் தூங்குவேன்.

மாறினால் இதுவரை படித்த பாடமெல்லாம் அங்கே கணக்கில் வருமா என்பது இன்னொரு தலைவலி. 2004-இலிருந்து 2009 வரை காலேஜ் மாறியவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டை, அதாவது படித்த பாடத்துக்கான கணக்கை, இழந்தார்கள் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017-இல் ஓர் அறிக்கையில் சொல்லியிருக்கிறது. உயிரியல், வேதியியல் போகட்டும். இவள் ஆசையாக எடுத்த மண்பாண்ட வகுப்பை யார் சேர்த்துக்கொள்வார்கள்?

பணத்தைப் பற்றிக் கேட்காதே. சரி, கேள். கார்னெலில் தங்க, சாப்பிட எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 90,000 டாலருக்கு மேல். இப்போது ஆவதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். அந்த வேளாண் கல்லூரிக்கு நியூயார்க் மாநில அரசு பணம் கொடுக்கிறது, அதனால் அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணம் குறைவு. நாங்கள் குடியிருப்பதோ ஆற்றுக்கு இந்தப் பக்கம், நியூஜெர்சி. வீடு வாங்கும்போது பள்ளிக்கூடம் பார்த்தோம், தண்ணீர் பார்த்தோம், ரயில் நிலையம் பார்த்தோம். இதை யார் பார்ப்பார்கள்!

உன் அண்ணன் பாட்டுக்கு ஒபாமாகூட ஒக்சிடென்டல் (Occidental) காலேஜிலிருந்து கொலம்பியாவுக்கு மாறியவர்தான் என்கிறார். நான் சும்மா இருப்பேனா? வாரன் பஃபெட் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டுச் சொந்த மாநிலமான நெப்ராஸ்காவுக்குத் திரும்பிப் பட்டம் வாங்கினாரே, அவர் என்ன நாசமாகவா போய்விட்டார் என்று கேட்டேன். அப்புறம் ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 1976-இல் காலேஜ் சேர்ந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வை எடுத்துக் காட்டினேன். பெரிய இடத்தில் இடம் கிடைத்தும் போகாதவர்கள், போனவர்களுக்குச் சமமாகவே பிற்காலத்தில் சம்பாதித்தார்கள் என்பது முடிவு. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய இடத்தால் உண்மையிலேயே லாபம் இருந்தது. "நாம ஏழையா இருந்திருக்கலாமோ" என்கிறார் மனுஷன். இவரோடு நான் எப்படிக் குடித்தனம் நடத்துகிறேன் என்று உனக்குத் தெரியும்.

செல்வி, வேடிக்கை போதும். அவள் படிப்புக்காக மட்டும் மாற நினைக்கவில்லை என்று எனக்குப் படுகிறது. பொங்கல் விழாவுக்கு வர மாட்டேன் என்றாள். தமிழ்ப் பள்ளியில் கூடப் படித்த பிள்ளைகளின் அம்மாக்கள் வரிசையாக "எந்த காலேஜ்ம்மா?" என்று கேட்பார்கள், இவள் பேரைச் சொல்வாள், அவர்கள் "ஓ, நல்ல காலேஜ்தான்" என்பார்கள். அந்தத் 'தான்' இருக்கிறதே! பதினெட்டு வயசுப் பிள்ளை அதை ஒரு வருஷமாகச் சுமந்துகொண்டு திரிகிறது. ஏன் மாற விரும்புகிறாய் என்று ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டும். படித்துப் பார்த்தேன். முதல் பக்கம் முழுக்க இப்போதுள்ள இடத்தின் குறைகள்: வகுப்பில் கூட்டம், ஆலோசகரைப் பார்க்கக் காத்திருப்பு, பஸ். கார்னெலில் என்ன படிக்கப்போகிறாள் என்று ஒரு வரி. படிக்கிறவர்களுக்கு அதுதானே முதலில் தெரியவேண்டும்?

இதில் கூத்து என்ன தெரியுமா? இங்கிருந்து கிளம்ப வேண்டுமென்றால் இங்கே நன்றாக ஊன்றவேண்டியிருக்கிறது. மார்க் நன்றாக இருக்கவேண்டும், நடந்துகொண்டிருக்கும் செமஸ்டரின் மார்க்கையும் பேராசிரியர்களிடம் எழுதி வாங்கி அனுப்பவேண்டும், யாராவது ஒரு பேராசிரியர் இவளைத் தெரிந்து சிபாரிசுக் கடிதம் தரவேண்டும். அந்தக் கடிதத்துக்காகத்தான் ஜனவரியில் ஓர் அம்மாளின் பசுமைக்குடிலில் போய் நின்றிருக்கிறாள். இப்போது வாரம் தவறாமல் போகிறாள். தக்காளி கலப்பினம் செய்கிறார்களாம். மொட்டு மஞ்சளாகி விரிவதற்கு முன்னால் இடுக்கியால் மகரந்தக் கூம்பை அப்படியே உருவி எடுக்கவேண்டும். சூலகம் ஒடிந்தால் போச்சு. (ஆண்மை நீக்கம்! அந்தப் பாடம் நடந்த அன்று நம்மை வெளியே அனுப்பினார்களே.) இன்னொரு செடியின் பூக்காம்பில் பேட்டரி பல் பிரஷ்ஷை வைத்து அதிரவிட்டால் மகரந்தம் பொடிப்பொடியாக உதிருமாம், அதைச் சின்னக் குப்பியில் பிடித்துக்கொள்வார்களாம். போன வாரம் போனில் இதையே பேசிக்கொண்டிருந்தாள். அவள் ஒடித்த மொட்டுகள், ஒடிக்காத மொட்டுகள், எந்தப் பூவில் எந்த நிறத்து நூல் கட்டினாள் என்பதுவரை. கார்னெல் என்ற பேரே வரவில்லை. நானும் எடுக்கவில்லை. காய் பிடித்துப் பழுக்க மே ஆகிவிடும், விதையை எடுத்து அடுத்த செமஸ்டர் விதைக்கவேண்டும் என்றாள். அடுத்த செமஸ்டர் யார் விதைப்பார் என்று நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கிவிட்டேன்.

போகாதே என்று நான் சொல்லப்போவதில்லை. உன் அண்ணனும் விண்ணப்பத்துக்குப் பணம் கட்டிவிடலாம் என்கிறார். ஆனால் அந்தக் கட்டுரையில் தக்காளி ஒரு வார்த்தைகூட இல்லை. அவள் போனால் எதற்காகப் போகிறாள் என்று சொல்ல அவளிடம் இருப்பதே அது ஒன்றுதான். இருந்துவிட்டாலும் அதற்காகத்தான் இருப்பாள். நான் சொன்னால் அம்மா குறுக்கே நிற்கிறாள் என்பாள். நீ சொன்னால் கேட்பாள். செல்வி அத்தைக்கு மட்டும்தான் பாட்டனி தெரியும் என்பது அவள் கட்சி, எனக்கு மறந்துவிட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன், உங்களுக்கு இரவு எட்டு மணி வாக்கில். நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே. கார்னெல் பேச்சை நீயாக எடுக்காதே. எந்த ரகத்தோடு எதைக் கலக்கிறாய் என்று மட்டும் கேள். அப்புறம் உனக்கு வாய் திறக்க இடமே தர மாட்டாள்.

டிக்கெட் போட்டுவிட்டேன். முடிவு வரட்டும் என்று இவர் இழுத்துக்கொண்டிருந்தார், விலை ஏறுகிறது என்று நானே போட்டேன். ஆனித் தேரோட்டத்துக்கு முன்னால் வந்துவிடுவோம், மூன்று பேரும். மாடி அறையில் அந்த உடைந்த ஃபேனை மாற்றி வை.

உன்,
வசந்தா