அறிவியல் வட்டம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். நீல டிக் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஜனவரியில் பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளன்று அரசுப் பள்ளியில் வினாடி வினா நடத்தினோம். செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம் பார்க்க மொட்டைமாடியில் கூடினோம். மேகம்தான் பார்த்தோம், சுண்டல் நன்றாக இருந்தது.

பரிணாமப் பாடம் நடத்தியதற்காக ஓர் ஆசிரியர் மீது நடந்த ஸ்கோப்ஸ் வழக்கின் நூறாம் ஆண்டையொட்டி ஜூலையில் நடந்த தொடர் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "எங்கோ அமெரிக்காவில் நடந்த பழைய வழக்குக்கு நம்ம ஊரில் எதற்கு மூன்று கூட்டம்? செயலாளர் தன் ஆசைக்கு வட்டத்தின் பணத்தைச் செலவழிக்கிறார்" என்று டீக்கடை வரைக்கும் பேசியிருக்கிறார்கள். பேசியவர்கள் கூட்டத்துக்கு வரவில்லை. வந்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும்.

1925 மார்ச்சில் டென்னசி மாநிலம் ஒரு சட்டம் போட்டது. பைபிள் சொல்லும் படைப்பை மறுத்து, மனிதன் கீழ்நிலை விலங்கிலிருந்து வந்தான் என்று அரசுப் பள்ளிகளில் கற்பிப்பது குற்றம். 100 முதல் 500 டாலர் வரை அபராதம். டேட்டன் என்ற சிற்றூரில் ஒரு மருந்துக்கடையில் நாலு பேர் உட்கார்ந்து, வழக்கு ஒன்று நடந்தால் ஊருக்குப் பெயர் வரும் என்று பேசி, குற்றம் சாட்டப்பட்டவராக நிற்க ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியரைச் சம்மதிக்க வைத்தார்கள். அவர் வைத்திருந்த பாடநூல் அந்த மாநிலமே அங்கீகரித்தது! அந்த நூலில் மனித இனங்களை மேல் கீழ் என்று தரம் பிரித்த பகுதியும் இருந்ததை நம் பேச்சாளர் மறைக்காமல் சொன்னார். பாடப்புத்தகம் என்றால் எல்லாம் சரி என்று எந்தப் பக்கமும் நினைக்க வேண்டாம்.

விசாரணை ஜூலை 10 முதல் 21 வரை. மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்ற பிரையன் அரசுப் பக்கம், வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ ஸ்கோப்ஸ் பக்கம். வெயில் தாங்காமல் நீதிமன்றமே வெளியே புல்தரைக்கு வந்தது. அங்கே டாரோ, பிரையனையே சாட்சியாக நிறுத்திக் கேள்வி கேட்டார். ஜூரிகள் ஒன்பது நிமிடத்தில் முடிவு சொன்னார்கள்: குற்றவாளி. நீதிபதி 100 டாலர் அபராதம் விதித்தார். 50 டாலருக்கு மேற்பட்ட அபராதத்தை ஜூரிதான் விதிக்க வேண்டும், நீதிபதி விதித்தது செல்லாது என்று 1927இல் மேல்நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. சட்டம் மட்டும் 1967 வரை அப்படியே இருந்தது.

நமக்கு என்ன சம்பந்தம் என்பவர்களுக்கு: கொரோனா காலச் சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி, சிபிஎஸ்இ பள்ளிகளுக்குப் பாடநூல் தரும் மத்திய நிறுவனமான என்சிஇஆர்டி, பத்தாம் வகுப்பு அறிவியலில் பரிணாமத்தை நீக்கியது. கொரோனா போன பிறகும் அது திரும்பி வரவில்லை. 2023இல் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கேட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்று பதில் வருகிறது. உயிரியல் எடுப்பவனுக்கு மட்டும்தானே அது? நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பிலேயே ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ இருக்கிறது. ஒரே தெருவில் இந்த வீட்டுப் பிள்ளை படிக்கிறான், எதிர்வீட்டு சிபிஎஸ்இ பிள்ளைக்கு அந்தப் பாடமே இல்லை. டென்னசியில் தடை போட்டார்கள், டேட்டன் ஊரே கூடி வாதாடியது. இங்கே சத்தமில்லாமல் பக்கத்தை எடுத்தார்கள், பெற்றோர்கூடக் கவனிக்கவில்லை.

தசாவதாரமே பரிணாமம்தானே என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். 2019 இந்திய அறிவியல் மாநாட்டில் ஒரு துணைவேந்தரே அப்படிப் பேசினார் என்பதால் நம் உறுப்பினரைக் குறை சொல்ல முடியாது. புராணத்தைத் தமிழ் வகுப்பில் ரசித்துப் படிக்கலாம், விலங்கியல் தேர்வில் எழுத முடியாது என்று பதில் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் வருவதில்லை. சந்தாவும் வருவதில்லை.

இரண்டாம் கூட்டத்துக்கு இடம் தருவதாகச் சொன்ன பள்ளி ஒன்று, தலைப்பைக் கேட்டதும் ஹாலுக்கு வெள்ளையடிக்கிறோம் என்றது. கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் நடத்தினோம். நாற்காலிகள் பாதி காலி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் டோவர் ஊரில் பள்ளி வாரியம், உயிர்களைக் கடவுளே படைத்தார் என்னும் படைப்புவாதத்தையே ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்று பெயர் மாற்றி வகுப்புக்குள் கொண்டுவரப் பார்த்தது. அதைப் பற்றி வகுப்பில் வாசிக்கச் சொன்ன அறிக்கையை வாசிக்க அறிவியல் ஆசிரியர்கள் மறுத்தார்கள். நிர்வாகிகள்தான் வந்து வாசித்தார்கள். வழக்குப் போட்டவர்கள் 11 பெற்றோர். 2005 டிசம்பர் 20இல் ஜெயித்தார்கள். பதினொரு பேர்தான். நம் பதிவேட்டில் அதைப்போலப் பல மடங்கு பெயர் இருக்கிறது. செயற்குழுவுக்கு நான்கு பேரைக் கூட்ட நான் படும் பாடு தலைவருக்குத் தெரியும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, செலவு வரவைவிடச் சற்று அதிகம். வித்தியாசத்தை இப்போதைக்கு ஒருவர் கையிலிருந்து போட்டிருக்கிறார். யார் என்று சொல்வது முறையல்ல. நிலுவைச் சந்தா வந்தாலே அது சரியாகிவிடும்.

மண்டப உரிமையாளருக்கும், மைக் செட் தந்த தம்பிக்கும், துண்டறிக்கை அடித்துக் கொடுத்த அச்சகத்தாருக்கும், தலைவர் அவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மாலையில் பரிணாமப் பாடம் நடத்த எண்ணம். மாநிலப் பாடநூலே போதும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பாடம் எடுக்கத்தான் ஆள் வேண்டும். விலங்கியல் ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள் நம் வட்டத்திலேயே உண்டு. முன்வரிசையில் ஒருவர் இருக்கிறார், தலையைக் குனிந்துகொண்டால் தெரியாது என்று நினைக்கிறார். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்பதானாலும் எனக்கு மகிழ்ச்சியே, பெயரை இன்றே கொடுக்கலாம். ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. சில்லறை இல்லை என்று யாரும் திரும்ப வேண்டாம், ஜிபே வசதியும் செய்திருக்கிறோம்.