செல்போன் கதையில பேட்டரியை விட்டுட்டீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை மாணவர் பக்கத்துல செல்போன் வளர்ந்த கதைன்னு ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க, ஒரு எழுத்து விடாம படிச்சேன். 1973ல மார்ட்டின் கூப்பர் நியூயார்க் ரோட்டுல நின்னு முதல் கையடக்க செல்போன்ல பேசினதுல ஆரம்பிச்சு சிப்பு, கேமரா, டச் ஸ்கிரீன்னு எல்லாத்தையும் அழகா சொல்லியிருந்தீங்க, ஆனா பேட்டரி பத்தி ஒரு வரி கூட இல்ல. 18 வருஷமா செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கிறவன் நான், எனக்கு மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

கூப்பர் கையில இருந்த போன் ஒரு கிலோவுக்கு மேல கனம். அரை மணி நேரம் பேசினா சார்ஜ் காலி, திரும்ப ஏத்த 10 மணி நேரம் ஆகும். சிப்பு எவ்வளவு சின்னதானாலும் பேட்டரி அப்படியே இருந்திருந்தா இன்னைக்கும் சட்டைப் பையில போன் வச்சுக்க முடியாதுங்க.

போன மாசம் ஒரு காலேஜ் பையன் கொண்டுவந்த போன்ல பின்பக்க மூடி தானா தூக்கிட்டு நின்னுச்சு, சூடு பண்ணி கழட்டிப் பாத்தா பேட்டரி பூரி மாதிரி உப்பிக் கிடக்கு. எங்கிட்ட வேலை கத்துக்கிற தம்பி அவசரத்துல இரும்பு ட்வீசரை உள்ள விட்டு நெம்பிட்டான். ஓட்டை விழுந்து புஸ்ஸுன்னு வெள்ளைப் புகை, கூடவே நெயில் பாலிஷ் மாதிரி ஒரு இனிப்பு வாடை. வாசல்ல இருக்கிற மணல் வாளியில தூக்கிப் போட்டு மூடினோம். அதுக்கப்புறம் அவன் கை நடுக்கம் நிக்கவே ரொம்ப நேரமாச்சு, "இதை யாருண்ணே கண்டுபிடிச்சது?"ன்னு கேட்டான். இந்த லித்தியம் அயனி பேட்டரி வந்த கதையா அவனுக்கு நான் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்றேன்.

1970கள்ல பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தப்ப எக்ஸான்ங்கிற எண்ணெய் கம்பெனியே பேட்டரி ஆராய்ச்சியில இறங்குச்சு. அங்க ஸ்டான்லி விட்டிங்ஹாம் லித்தியத்தை வச்சு, ரெண்டு வோல்ட்டுக்கு மேல குடுக்கிற பேட்டரி ஒண்ணு செஞ்சார். ஆனா சுத்தமான லித்தியம் சும்மா இருக்காதுங்க, சார்ஜ் ஏத்தி ஏத்தி எறக்கும்போது மீசை மாதிரி முளைச்சு அந்தப் பக்கம் போய்த் தொட்டுரும், தொட்டா ஷார்ட்டு, ஷார்ட்டானா தீ. அந்த லேப்புக்கு ஃபயர் சர்வீஸ்காரங்க பல தடவ வந்து, தீயணைக்கிற கெமிக்கலுக்கு நீங்கதான் காசு குடுக்கணும்னு மிரட்டினாங்களாம்.

அடுத்து ஜான் குடினஃப். 1980ல ஆக்ஸ்ஃபோர்டுல கோபால்ட் ஆக்சைடை உள்ள வச்சா 4 வோல்ட் வரும்னு காமிச்சார், அப்ப அவருக்கு வயசு 57. அதுல இருந்து ஒரு பைசா ராயல்டி அவருக்கு வரல. அப்புறம் ஜப்பான்ல அகிரா யோஷினோ 1985ல லித்தியம் உலோகத்தையே எடுத்துட்டு பெட்ரோலியம் கோக்குங்கிற கரியைப் போட்டார். லித்தியம் அயனியா, அதாவது மின்னூட்டம் ஏறின அணுவா மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ட்டு வரும், உலோகமா உள்ள கிடக்காது. பேட்டரி மேல பெரிய இரும்புத் துண்டை விழவச்சு சோதிச்சார், ஒண்ணும் ஆகல, பழைய லித்தியம் உலோகப் பேட்டரியில அதையே பண்ணினப்ப வெடிச்சுது. 1991ல சோனி கடைக்குக் கொண்டு வந்துருச்சு, வீடியோ கேமரா, செல்போன், லேப்டாப்னு எல்லாத்துலயும் ஏறிருச்சு. பழைய நோக்கியாவுல பிஎல்-5சி பேட்டரி ஞாபகம் இருக்கா, அதுல 3.7 வோல்ட்னு பொடி எழுத்துல போட்டிருக்கும், அந்த நம்பர் இவங்க வேலையில இருந்து வந்தது.

மூணு பேருக்கும் 2019ல நோபல் குடுத்தாங்க. குடினஃபுக்கு அப்ப 97 வயசு, அவ்வளவு வயசுல நோபல் வாங்கினவங்க அதுக்கு முன்னாடி யாரும் இல்ல. அந்த டிசம்பர்ல ஸ்டாக்ஹோம்ல அவர் சார்பா நோபல் உரை குடுத்தது யாருன்னு நெனைக்கிறீங்க, ஆறுமுகம் மந்திரம்! தென் தமிழ்நாட்டுல ஒரு சின்ன கிராமத்துல பொறந்து, மதுரையில படிச்சு, சென்னை ஐஐடியில டாக்டர் பட்டம் வாங்கி, ஆக்ஸ்ஃபோர்டுல குடினஃப்கிட்ட சேந்து, அவரோடயே அமெரிக்காவுல டெக்சாஸ் போனவர். சும்மா கூட இருந்தவர் இல்ல. இரும்போட சல்பேட் மாதிரி அணுத் தொகுதிகளைச் சேத்தா வோல்டேஜ் கூடும்னு ரெண்டு பேரும் 1980களோட கடைசியில காமிச்ச வழியிலதான் பின்னால 1997ல குடினஃப் குழுவுல இருந்து இரும்பு பாஸ்பேட் பேட்டரி வந்துச்சு. இன்னைக்கு எத்தனையோ எலக்ட்ரிக் வண்டியில ஓடுறது அதுதான். என் கடைக்கு வர்ற இன்ஜினியரிங் பசங்ககிட்ட கேட்டுப் பாத்தேன், ஃபோன் கம்பெனி முதலாளிங்க பேரெல்லாம் தெரியுது, இவரு பேரு ஒருத்தனுக்கும் தெரியல. வருத்தமா இருக்குங்க.

ஆசிரியர் சார், அடுத்த ஞாயித்துக்கிழமை இல்லாட்டியும் ஒரு நாள் இந்த நாலு பேரையும் போட்டோவோட போடுங்க, மந்திரம் சார் போட்டோ கொஞ்சம் பெருசா இருக்கட்டும். உப்பின பேட்டரியைக் குத்தக்கூடாது, குப்பையில வீசக்கூடாதுன்னும் ஓரமா ரெண்டு வரி சேத்துருங்க. அந்தப் பக்கத்தை வெட்டி லேமினேட் பண்ணி என் கடை கவுண்டர் கண்ணாடியில ஒட்டி வைக்கிறேன், வர்றவங்க காத்திருக்கிற நேரத்துல படிக்கட்டும்.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் கடைக்காரர்,
ராஜபாளையம்