பென்ஷன் வாங்குறவங்க எல்லாரும் தப்பிச்சுட மாட்டாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசாங்க பென்ஷன் வாங்குற வயசானவங்ககிட்ட வறுமை வருங்காலத்துல குறைஞ்சுடும்னு அப்பப்போ செய்தி வருது. அது பொய்னு சொல்ல வரல. ஆனா எந்தக் கோட்டை வச்சு ஏழைன்னு சொல்றாங்க, அந்தக் கோட்டுக்குக் கீழ கடைசில மாட்டிக்கப் போறது யாருங்கிற ரெண்டையும் விட்டுட்டு செய்தி போட்டா படிக்கிறவங்க நிம்மதியா பேப்பரை மடிச்சு வச்சுடுவாங்க. அதுதான் எனக்கு உறுத்துது.

அமெரிக்காவையே எடுத்துக்குவோம், அங்கதான் இதுக்கு நீண்ட காலமா கணக்கு வச்சிருக்காங்க. 1959ல 65 வயசு ஆனவங்கள்ல நூத்துக்கு 35 பேர் ஏழைங்க, இப்ப சுமார் 10 பேர். இதுல பெரிய பங்கு சோஷியல் செக்யூரிட்டிங்கிற அரசாங்க பென்ஷனோடதுதான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனா அந்த வறுமைக்கோடு 1960கள்ல மோலி ஆர்ஷான்ஸ்கிங்கிற அதிகாரி போட்டது, குடும்பம் சிக்கனமா சாப்பிட ஆகுற செலவை மூணால பெருக்கினா வர்ற தொகை, அதுக்கப்புறம் விலைவாசி ஏறின அளவுக்கு மட்டும்தான் அதை ஏத்திட்டு வர்றாங்க. புதுசா ரிடையர் ஆகுறவங்க பென்ஷனோ நாட்டுல சம்பளம் ஏறின அளவை வச்சு கணக்கு போடுறது. நீண்ட காலத்துல சம்பளம் விலைவாசியை விட கொஞ்சம் கூடத்தான் ஏறும், அப்போ ஒவ்வொரு தலைமுறையும் அந்தக் கோட்டை விட்டு மேல நகர்ந்துகிட்டே போகும், வறுமை குறையுதுன்னு கணக்கு தானா வந்துடும். அதே ஆளுங்களை, அந்த நாட்டுல நடுவுல இருக்கிறவங்க வருமானத்துல பாதிக்கும் கீழ இருக்காங்களான்னு அளந்து பாருங்க, படமே மாறிடும். பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓஈசிடிங்கிற அமைப்பு அப்படித்தான் அளக்குது. தென் கொரியாவுல தேசிய பென்ஷன் 1988லதான் ஆரம்பிச்சது, நிறைய பேருக்கு போதுமான வருஷம் பணம் கட்ட வாய்ப்பே கிடைக்கல, பணக்கார நாடா இருந்தும் அங்க வயசானவங்கள்ல சுமார் 40 சதவீதம் பேர் இந்த அளவுகோல்படி ஏழைங்க.

பென்ஷன் கைக்கு வர ஆரம்பிச்ச பிறகு அது எப்படி ஏறுதுங்கிறது இன்னொரு கதை. அமெரிக்காவுல முதல் மாதாந்திர பென்ஷன் வாங்குனது ஐடா மே புல்லர்னு ஒரு அம்மா, 1940 ஜனவரில 22 டாலர் 54 சென்ட். 1950 வரைக்கும் அந்தத் தொகை ஒரு சென்ட் கூட ஏறல, நடுவுல ஒரு உலகப்போரே வந்துட்டு போச்சு. விலைவாசிக்கு ஏத்த மாதிரி தானா ஏறுற முதல் உயர்வு 1975 நடுவுலதான் வந்தது, அந்தம்மா அந்த வருஷம் ஜனவரிலயே 100 வயசுல காலமாயிட்டாங்க. பிரிட்டன்ல 1980ல பென்ஷனுக்கும் சம்பள உயர்வுக்கும் இருந்த தொடர்பை அறுத்தாங்க, திரும்ப கட்டுறதுக்கு 2011 ஆச்சு. முப்பது வருஷம்! ஒரு ஆள் ரிடையர் ஆகி செத்தும் போயிடுற காலம் அது.

நான் முக்கியமா சொல்ல வந்தது தனியா ஆயிடுற பொம்பளைங்களை பத்தி. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சமமா சம்பாதிச்சு சமமா பென்ஷன் வாங்குற வீட்டுல ஒருத்தர் போயிட்டா அமெரிக்க விதிப்படி மிஞ்சுறவங்களுக்கு ஒரு பென்ஷன்தான், வருமானம் பாதியாயிடும். ஒருத்தர் மட்டும் சம்பாதிச்ச வீடா இருந்தா, அவரோட பென்ஷனும் துணைக்கு அதுல பாதியும் சேர்ந்து வந்த ஒன்றரை பங்கு ஒரு பங்கா ஆகும். ஆனா அமெரிக்காவோட வறுமைக்கோட்டு கணக்கே என்ன சொல்லுது, வயசான ஒருத்தர் தனியா வாழ ரெண்டு பேருக்கு ஆகுறதுல முக்கால் பங்குக்கு மேல வேணும்னு சொல்லுது. வாடகை பாதியாகாது, கரண்ட் பில் பாதியாகாது. அப்பா போன பிறகு வந்த குறைஞ்ச பென்ஷனை வச்சு எங்க அம்மா மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கிட்டு இருந்தாங்க, யார்கிட்டயும் சொல்லல, எனக்கு தெரிய வந்தப்போ ரெண்டு மாசம் ஓடிப்போச்சு. இன்னும் அதை நினைச்சா தூக்கம் வராது.

விவாகரத்து ஆனவங்க நிலைமை இன்னும் மோசம், கல்யாணம் பத்து வருஷமாவது நீடிச்சிருந்தாத்தான் அமெரிக்காவுல முன்னாள் கணவர் கணக்குல பென்ஷன் கேக்க முடியும். சொந்த கணக்குன்னு பார்த்தா அதிகமா சம்பாதிச்ச 35 வருஷத்தோட சராசரி எடுக்கிறாங்க, குழந்தையையும் மாமியாரையும் பாத்துக்க வீட்ல இருந்த வருஷம் எல்லாம் பூஜ்யமா விழும். சம்பளமில்லாம உழைச்சதுக்கு எழுபது வயசுல அபராதம் கட்டுறாங்கன்னுதான் நான் சொல்வேன். கல்யாணம் பண்ணிக்காதவங்க, சீக்கிரம் பிரிஞ்சவங்க முன்னாடியை விட அதிகமாயிட்டு வர்றாங்க, அவங்கதான் நாளைக்கு ரிடையர் ஆகப்போறவங்க.

உடம்பை வருத்தி வேலை செஞ்சவங்களும் இருக்காங்க. அமெரிக்காவுல 1960லயும் அதுக்கப்புறமும் பிறந்தவங்களுக்கு முழு பென்ஷன் 67 வயசுலதான், முடியலன்னு 62லயே வாங்கினா 30 சதவீதம் குறைவு, அது சாகுற வரைக்கும் குறைவுதான். இதுக்கு நடுவுல 2030களோட முற்பாதிலயே சோஷியல் செக்யூரிட்டியோட சேமிப்பு நிதி தீர்ந்துடும், சட்டத்தை மாத்தலன்னா வர்ற வரிப்பணத்தை வச்சு முக்கால் பங்கு அளவுக்குத்தான் கொடுக்க முடியும்னு அந்த நிதியோட அறங்காவலர்களே சொல்றாங்க. சராசரி ஆளு அதை தாங்கிக்குவாரு. கோட்டுக்கு மேல நூலிழையில நிக்கிற 85 வயசு அம்மாவால முடியாது.

அதனால ஐயா, வயசானவங்க வறுமை பத்தி அடுத்த தடவை செய்தி போடுறப்போ மொத்த சதவீதத்தோட நிறுத்திடாதீங்க. 80 வயசு தாண்டி தனியா இருக்கிற பொம்பளைங்கள்ல எத்தனை பேர்னு தனியா கேட்டு வாங்கி, அதை முதல் பத்திலயே போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்