கிலோமீட்டரை மட்டும் குறைச்சா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ரேஷன் அரிசி லாரி எந்த குடோன்லேர்ந்து எங்க போனா தூரம் கம்மின்னு கம்ப்யூட்டரே சொல்ற ‘அன்ன சக்ரா’வை 2024 டிசம்பர்ல மத்திய அரசு ஆரம்பிச்சுது, ஐ.நா.வோட உலக உணவுத் திட்டமும் டெல்லி ஐஐடியும் சேர்ந்து செஞ்சது, வருஷத்துக்கு 250 கோடி ரூபா மிச்சமாகும், டீசல் புகையும் குறையும்னு சொன்னாங்க. நல்ல விஷயம்தான், அதுல குறை சொல்ல வரல.

இந்த மாதிரி கணக்கு ஒண்ணும் புதுசு இல்ல, 1939லயே ரஷ்யாவுல காண்டரோவிச்னு ஒரு கணித நிபுணர் பிளைவுட் ஃபேக்டரிக்காக போட்டு ஆரம்பிச்சு வெச்சது, 1975ல அவருக்கும் பொருளாதார நிபுணர் கூப்மன்ஸுக்கும் நோபல் பரிசே குடுத்தாங்க. எங்க எவ்வளவு சரக்கு இருக்கு, யாருக்கு எவ்வளவு வேணும், கொண்டு போக என்ன செலவுன்னு குடுத்துட்டா எது கம்மியோ அத கரெக்டா எடுத்துக் குடுத்துடும். ஆனா நாம எதை குறைன்னு சொல்றோமோ அத மட்டும்தான் குறைக்கும், சொல்லாத எதையும் அது கண்டுக்காது.

இப்ப எங்க டெல்டாவுக்கு வாங்க. குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் ஒண்ணா வந்து நிக்கும். கொள்முதல் நிலையத்துல 40 கிலோ சிப்பமா தெச்சு அடுக்கி தார்ப்பாய் போட்டு வெச்சிருப்பாங்க, லாரி வராது, ஏன்னா திறந்தவெளி கிடங்குல இறக்க இடமில்ல, அங்க ஏன் இடமில்லன்னா வெளி மாவட்டத்துக்கு அரவைக்கு போக வேண்டிய கூட்ஸ் வண்டிக்கு வேகன் வரல, இதுக்கு நடுவுல விவசாயி ரோட்டுல நெல்லை கொட்டி கிளறிக்கிட்டு ஈரப்பதம் கொள்முதலுக்கு எடுத்துக்கற 17 சதவீதத்துக்கு இறங்குமான்னு வானத்தை பாத்துக்கிட்டு இருப்பாரு. நாலு நாள் விடாம பெஞ்சா அடி மூட்டையில முளை விட்டு சாக்குக்கு வெளிய தலை நீட்டும், பாத்தவங்களுக்கு தெரியும் அந்த வயித்தெரிச்சல்.

அந்த மூட்டை நெல்லை விளைவிக்க தேங்கின தண்ணியிலேர்ந்து மீத்தேன் போயாச்சு, யூரியா போட்டாச்சு, மோட்டாருக்கு கரண்ட் எரிச்சாச்சு. அதுக்கு முன்னாடி லாரி குடிக்கிற டீசல் எந்த மூலைக்கு? தூரத்தை குறைச்சு புகையை மிச்சம் பண்ணிட்டு நெல்லை மழையில விட்டா சுற்றுச்சூழலுக்கு என்ன லாபம் சார்.

அதனால கொள்முதல் நிலையத்துலேர்ந்து ஆலை வரைக்கும் போற நெல்லுக்கு கணக்கு போடுறப்ப, மூட்டை வெட்டவெளியில கிடக்கிற ஒவ்வொரு நாளுக்கும் கணக்குல செலவோட சேர்த்து ஒரு அபராதமும் வெச்சு போடுங்க, மழை எச்சரிக்கை வந்தா அந்த அபராதம் ரெண்டு மூணு மடங்கு ஏறட்டும். அப்ப கம்ப்யூட்டரே சொல்லும், இருபது கிலோமீட்டர் சுத்தி போனாலும் பரவால்ல, கூரை உள்ள குடோனுக்கு இன்னைக்கே அனுப்புன்னு. எந்த ஊர்ல எத்தன ஏக்கர் நடவு, எப்ப அறுப்புன்னு வேளாண் துறைகிட்ட விவரம் இருக்கு, வேகனை அத வெச்சு முன்கூட்டியே கேக்கலாமே, மூட்டை மலையா குவிஞ்சப்புறம் ஏன் ஓடணும்?

அடுத்த குறுவைக்கு ஒரு தாலுகாவுல மட்டுமாவது இப்படி போட்டு பாக்கட்டும், எந்த நிலையத்துல எத்தன மூட்டை எத்தன நாளா கிடக்குதுன்னு தினமும் வெளியிடட்டும். உங்க பத்திரிகையிலயே அத ஒரு ஓரமா போடலாம், மார்க்கெட் நிலவரம் போடற மாதிரி.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மன்னார்குடி