மனை வரைபடத்தில் தண்ணீர் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

மனை வாங்குவோருக்கு யோசனை சொல்லிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண், ரெரா (மனை, வீடு விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் என்று பார்க்க வேண்டியதையெல்லாம் சரியாகவே சொல்லியிருந்தீர்கள். ஆனால் அனுமதி எண் விழுவதற்கு வெகு முன்பே, வரைவாளர் மேசையில் அந்த இடத்தின் தலையெழுத்து பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மதுரை, விருதுநகர் வட்டாரத்தில் மனைப்பிரிவுகளுக்கு முதல்நிலை வரைபடம் போட்டே பிழைப்பு நடத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நிலத்தை வாங்கியவர் எங்களிடம் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மனை விழும்?" என்பதுதான். அடுத்த கேள்வி, "அதில் கிழக்குப் பார்த்தது எத்தனை?" கிழக்கும் வடக்கும் பார்த்த மனைகள் முன்பணத்திலேயே போய்விடும். தெற்குப் பார்த்ததும், தெரு நேராக வந்து முட்டும் தெருக்குத்து மனையும் கடைசிவரை நிற்கும். ஆகவே சாலைகள் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வாஸ்துதான். நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நாங்கள் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது மூன்று சங்கதிகள். பத்திரம் ஏக்கர், சென்ட்டில் பேசும். பட்டா ஹெக்டேர், ஏரில் பேசும். புலப்படம் எல்லைக் கற்களுக்கு இடையே உள்ள நீளங்களைச் சொல்லும். இவை மூன்றும் ஒத்துப்போகும் நிலம் அபூர்வம். நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் பணியில் விழுந்த பிழைகள் இன்றும் பல பட்டாக்களில் அப்படியே கிடக்கின்றன. நான்காவதாக, டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவி வைத்து இடத்தில் எடுக்கும் அளவு. அது வேறொரு கணக்குச் சொல்லும். இந்த நான்கையும் இணக்கமாக்குவதிலேயே பாதி வேலை போய்விடும். எந்த அளவைக் கொள்வது என்பதில் பக்கத்து நிலத்துக்காரரோடு தகராறு வருவதும் உண்டு. அது கிடக்கட்டும், நான் சொல்ல வருவது, இந்த நான்கிலும் இல்லாத ஒன்றைப் பற்றி: தண்ணீர் போகும் வழி.

புலப்படத்தில் நீளம் உண்டு, உயரம் கிடையாது. நிலம் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பதை அது சொல்லாது. ஓடைப் புறம்போக்கு என்றால் அதற்குத் தனிப் புல எண் இருக்கும். அதில் கைவைக்க யாரும் யோசிப்பார்கள். ஆனால் எங்கள் பக்கத்து மானாவாரிக் கண்மாய்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் சின்ன வரத்துக்கால்கள் பல, பட்டா நிலத்தின் ஊடே ஓடுபவை. அவற்றுக்குத் தனி எண் கிடையாது. உழுத காலத்தில் சம்சாரி அதை மண்வெட்டியால் ஒதுக்கிவிட்டுக்கொள்வார். பத்திரத்தில் நான்கு எல்லையையும் சொல்லும் செக்குபந்தியில் "வாய்க்காலுக்கும் கிழக்கு" என்று ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அந்த நிலத்தை மனையாக்கக் கணினியில் கோடு போடும்போது வாய்க்கால் திரையில் இல்லை. நிரவி முடித்தபின் நிலத்திலும் இல்லை. பழைய பத்திரத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

அனுமதிக்கு, இடத்தில் இருப்பதையெல்லாம் காட்டும் டோப்போ வரைபடம் கேட்கத்தான் செய்கிறார்கள். நான் பார்த்தவரை அதில் கிணறு, மரம், மின்கம்பம், பக்கத்துச் சாலை எல்லாம் ஒழுங்காக வந்துவிடும். மேடுபள்ளம் சொல்லும் மட்ட அளவு மட்டும் ஒப்புக்கு நாலு இடத்தில் இருக்கும். தண்ணீர் தேங்கும் இடமாகத் தெரிந்தால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். அதிலும் வழக்கமாக வரும் நிபந்தனை, இடத்தை இவ்வளவு உயரத்துக்கு மண் போட்டு உயர்த்து என்பது. உயர்த்தினால் அந்த மனைப்பிரிவு தப்பிக்கும். அங்கே நின்ற தண்ணீர் எங்கே போகும்? நேற்று வரை பள்ளமாக இல்லாத பக்கத்து வீட்டுக்குள் போகும். அவரும் மறுவருடம் தன் மனையை உயர்த்துவார். 2015 டிசம்பரில் அடையாற்றுப் படுகையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். செம்பரம்பாக்கம் ஏரி திறப்பைப் பற்றி அப்போது நிறையப் பேசினார்கள். அந்த இடங்களில் தெருக்களுக்கு முதன்முதலில் கோடு போட்டபோது என்ன கணக்குப் பார்த்தார்கள் என்ற பேச்சு அதிகம் காதில் விழவில்லை.

2016 செப்டம்பரில் அனுமதியற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. கயிறு பிடித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு மனை விற்ற காலம் அதோடு பெருமளவு ஒழிந்தது, நல்லதுதான். அதற்கு முன் பிரித்தவற்றை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. ஆனால் அளந்து, கட்டணம் கட்டி, எண் வாங்கிவிட்டால் வாய்க்கால் மேலிருக்கும் மனை வாய்க்காலை விட்டு நகர்ந்துவிடுமா?

ஆகவே எல்லாம் முதல்நிலை வரைபடத்தில்தான் செய்ய வேண்டும். சாலையையும் பூங்காவையும் மட்டும் காட்டும் அந்த வரைபடத்துக்கு ஒப்புதல் வந்தபின், அவற்றை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்து, பிறகுதான் இறுதி அனுமதி. தானப்பத்திரம் பதிவாகும் வரை ஒரு சாலையை நாற்பதடி தள்ளிப் போட ஆகும் செலவு எங்களுடைய ஒரு நாள் வேலை. கல் நட்டு, தார் போட்டு, ஆளுக்கொரு பத்திரம் கைமாறியபின் கோடி கொடுத்தாலும் நடக்காது.

பூங்கா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டே ஆகவேண்டும். அந்தப் பத்து சதவீதம் எங்கே போய் விழும்? மனை வெட்ட முடியாத முக்கோண மூலையில். சட்டைத் துணியில் வெட்டியது போக மிஞ்சிய துண்டைப் பையாகத் தைத்துக் கொடுப்பது போல. என் கருத்து, இடத்திலேயே தாழ்ந்த பகுதியை முதலில் பூங்காவுக்கு ஒதுக்கி, அதன் நடுவில் ஓர் ஊருணி வெட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் மனைக்குக் கோடு. பள்ளத்தைப் பூங்கா என்று தள்ளிவிடுவது மனை விற்பவருக்குச் சாதகம் என்று சக வரைவாளர்கள் சிலர் என்னோடு வாதாடியிருக்கிறார்கள். பிள்ளைகள் விளையாட வேண்டிய இடத்தில் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கும் என்பது உண்மைதான். வீட்டுக்குள் நிற்பதைவிட அது மேல்.

இரண்டு காரியங்களை விதியாகவே ஆக்கலாம். முதல்நிலை வரைபடத்தோடு மட்ட அளவுத் தாள் ஒன்று கட்டாயம் வர வேண்டும். அது நிலத்தின் எல்லையோடு நின்றுவிடக் கூடாது. மேலே தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கீழே எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்பது வரை காட்ட வேண்டும். இரண்டாவது, ஒப்புதலுக்கு முன் அந்த வரைபடத்தை ஊராட்சி அலுவலகத்தில் ஒரு மாதமாவது ஒட்டிவைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஊர்களில் மக்கள் அதைப் பார்ப்பது விளம்பரப் பலகையில்தான். எந்த மழைக்கு எந்தப் பக்கமிருந்து வெள்ளம் இறங்கும், சுடுகாட்டுக்குப் போகும் மாமூல் பாதை எது, எந்த மடை யாருடைய வயலுக்கு என்பதெல்லாம் அங்கே ஆடு மேய்ப்பவருக்குத் தெரியும். மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்து கோடு போடும் எங்களுக்குத் தெரியாது.

மட்ட அளவுத் தாளில் அதை எடுத்த நில அளவரின் உரிம எண்ணும் கையொப்பமும் இருக்கட்டும். வெள்ளம் வந்தபின் யாரிடம் போய்க் கேட்பது என்பதாவது மனைக்காரருக்குத் தெரிய வேண்டுமல்லவா?

இப்படிக்கு,
ஒரு வரைவாளர்,
திருமங்கலம்