சில்லறைக் குற்றங்களின் பர்மிங்காம்: எங்கள் வாசிப்பு வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டுக்கான வாசிப்புப் பொருளைத் தேர்ந்தெடுக்கப் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். சங்க இலக்கியம் வேண்டும் என்று ஒரு பக்கம், புதிய சிறுகதைகள் வேண்டும் என்று இன்னொரு பக்கம். கடைசியில், "குடியிருக்கிற ஊரைப் பற்றி ஒரு வருடமாவது படிப்போமே" என்று துணைத்தலைவர் சொன்னது எடுபட்டது. நியாயம்தான். பிள்ளைகள் பிறந்து வளர்ந்தது இங்கிலாந்தின் இந்த பர்மிங்காமில். நமக்கோ புல் ரிங் சந்தையில் காய்கறி வாங்குவதோடு ஊர் வரலாறு முடிந்துவிடுகிறது. ஜேம்ஸ் வாட், ஜோசப் சேம்பர்லின் போன்றவர்களுக்குச் சிலையும் சதுக்கமும் இருப்பதால் அவர்களை விட்டுவிட்டோம். பித்தளைத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டவர்கள், குடித்துவிட்டுத் தெருவில் விழுந்தவர்கள், அவர்களுக்குத் தண்டனை எழுதிய மாஜிஸ்திரேட்டுகள் ஆகியோரை எடுத்துக்கொண்டோம்.

கூட்டங்களுக்கு வருகை குறையும் என்று நினைத்தேன், கூடியது. தொப்பி போட்ட ரவுடிக் கும்பலைப் பற்றிய 'பீக்கி பிளைண்டர்ஸ்' தொலைக்காட்சித் தொடருக்கு இதில் பங்கு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. அந்தக் கும்பல்கள் 1890-களின் சங்கதி. அதற்கு முன் 1870-களிலேயே 'ஸ்லாகர்' கும்பல்கள் தெருவுக்குத் தெரு கல்லெறிந்து அடித்துக்கொண்டன. பெரும்பாலும் பட்டறைத் தொழிலாளர் வீட்டுப் பையன்கள். தொடரில் வரும் மிடுக்கு எதுவும் கிடையாது. முதல் கூட்டத்திலேயே இதைப் பேசி முடித்துவிட்டதால் அப்புறம் நிம்மதியாக வேலையைப் பார்க்க முடிந்தது.

1801-இல் இந்த ஊரில் சுமார் 74,000 பேர். 1901-இல் 5,22,000. நகரம் என்ற பட்டமே 1889-இல்தான் கிடைத்தது. 1838 வரை ஊருக்கென்று நகராட்சியும் இல்லை. மூர் தெருவிலிருந்த பொது அலுவலகத்தில் கவுண்டி (மாவட்டம்) மாஜிஸ்திரேட்டுகள் உட்கார்ந்து விசாரிப்பார்கள். பெரிய வழக்கென்றால் இருபது மைல் தள்ளி, கவுண்டியின் தலைமை ஊரான வாரிக்குக்கு அனுப்ப வேண்டும். பெரிய வழக்கு என்றவுடன் கொலை, கொள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கைக்குட்டையைத் திருடினாலும் சட்டப்படி அது ஜூரி முன் நடக்க வேண்டிய வழக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் செஷன்ஸ் வரும்வரை, குற்றம் நிரூபிக்கப்படாத ஆள் ஜெயிலில் கிடப்பான். பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் அதே கதிதான்.

வழக்கு நடத்துவது யார் என்ற விஷயம் எங்களில் பலருக்குப் புதிது. போலீஸ் வருவதற்கு முன்பும் வந்த பிறகு வெகுகாலமும், பொருளைப் பறிகொடுத்தவர்தான் வழக்குப் போட்டு, சாட்சிகளைக் கூட்டிவந்து, செலவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். செலவைத் திருப்பித் தரும் ஏற்பாடு மெல்ல மெல்லத்தான் வந்தது. அதனால் ஊருக்கு ஊர் கடைக்காரர்களும் நிலக்காரர்களும் சந்தா கட்டிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். உறுப்பினர் வீட்டில் திருட்டுப் போனால் துண்டறிக்கை அடிப்பது, துப்புக் கொடுப்பவருக்குச் சன்மானம், வக்கீல் செலவு எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. போலீஸ் நிலைபெற்றதும் பல சங்கங்கள் மறைந்தன. சில மட்டும் ஆண்டு விருந்துக்காகவே இன்றுவரை தொடர்கின்றன. "இது நமக்கு எச்சரிக்கையா, வழிகாட்டியா?" என்று பொருளாளர் கேட்டது கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது.

போலீஸ் வந்த கதையும் சுவையானது. 1839 ஜூலையில், வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத் தொழிலாளர்கள் புல் ரிங்கில் கூடியபோது, அவர்களைக் கலைக்க லண்டனிலிருந்து ரயிலில் போலீஸ்காரர்களை வரவழைத்தார்கள். கலவரம் வெடித்தது. புதிய நகராட்சியை நம்பாமல், அரசாங்கம் தானே ஒரு கமிஷனரைப் போட்டுப் போலீஸ் படையை நடத்தியது. 1842-இல்தான் அது ஊர் கைக்கு வந்தது. போலீஸ் கூடக்கூட மாஜிஸ்திரேட் முன் வந்து நிற்பவர்களும் கூடினார்கள்.

அந்த நூற்றாண்டின் குற்றம் பற்றிப் பேச்சு வந்தாலே தூக்குமேடையும் நாடுகடத்தும் ஆஸ்திரேலியக் கப்பலும்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வருகின்றன. இந்த ஆண்டு படித்தவரை, சாதாரண மனிதரின் வாழ்க்கையை அதிகம் தொட்டது சில்லறைத் திருட்டு ஜூரியின் கையிலிருந்து மாஜிஸ்திரேட்டின் மேசைக்கு மாறியதுதான் என்று எனக்குப் படுகிறது. 1847-இல் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களின் திருட்டு வழக்குகளை இரண்டு மாஜிஸ்திரேட்டுகளே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லலாம் என்று சட்டம் வந்தது. 1850-இல் அந்த வயது பதினாறானது. 1855-இல் ஐந்து ஷில்லிங்குக்கு உட்பட்ட திருட்டென்றால், குற்றஞ்சாட்டப்பட்டவர் சம்மதித்தால், பெரியவர்களுக்கும் அதே வழி. 1879-இல் அந்த வரம்பு நாற்பது ஷில்லிங் ஆனது.

இதில் கருணை இல்லாமலில்லை. மாதக்கணக்கில் காத்துக் கிடப்பது போனது. ஆனால் ஜூரியும் போனது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர் கூண்டில் நிற்பார். போலீஸ்காரர் சொல்வதைச் சொல்வார். சில நிமிடங்களில் தீர்ப்பு. குற்றஞ்சாட்டப்பட்டவர் தானே சத்தியம் செய்து சாட்சி சொல்லும் உரிமை எல்லா வழக்குகளுக்கும் பொதுவாக 1898-இல்தான் வந்தது. அதுவரை அவர் சொல்வது பேச்சு, சாட்சியம் ஆகாது. மதுரையில் வக்கீலாக இருந்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் இதைக் கேட்டுவிட்டு, "சீக்கிரம் முடியணும்னு வாய்தாவே கேட்காத கட்சிக்காரனை நானும் பார்த்திருக்கேன். வேலை போயிடுமேன்னு ஒத்துக்கிட்டுப் போயிடுவான்" என்றார்.

உறுப்பினர்களில் ஒருவர் இன்றைக்கும் இந்நாட்டில் சம்பளமில்லாத மாஜிஸ்திரேட்டாக அமர்பவர் என்பது நமக்குக் கிடைத்த வசதி. 1361-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் அந்தப் பதவியைப் பற்றி அக்கா அரைமணி நேரம் பேசினார். அன்று அந்த நாற்காலியில் இருந்தவர்கள் நிலக்காரர்களும் ஆலை முதலாளிகளும் பாதிரிகளும். சட்டம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. சட்டத்தை எடுத்துச் சொல்லப் பக்கத்தில் குமாஸ்தா இருப்பார். பெரிய ஊர்களில் வேலை பெருகியதும் சம்பளத்துக்குச் சட்டம் படித்த மாஜிஸ்திரேட்டை அமர்த்தினார்கள். பெண்கள் அந்த மேசைக்கு வந்தது 1919-க்குப் பிறகுதான். "நான் உட்காரும் நாற்காலியின் வயதில் பெரும்பகுதிக்கு, பெண் என்றால் எதிரே கூண்டில்தான்" என்று அக்கா சொன்னபோது யாரும் குறுக்கே பேசவில்லை.

திங்கட்கிழமை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு குடி, திங்கள் பட்டறைக்கு மட்டம். பர்மிங்காம் தொழிலாளர்கள் அதைப் 'புனிதத் திங்கள்' என்று கேலியாகவே சொல்லிவந்தார்கள். வார இறுதியில் பிடிபட்டவர்கள் மொத்தமாக வந்து சேர்வதும் அன்றைக்குத்தான். 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொது இடத்தில் குடிபோதையில் இருந்தால் பத்து ஷில்லிங் வரை அபராதம். ஓராண்டுக்குள் மறுபடி பிடிபட்டால் இருபது, மூன்றாம் முறை நாற்பது. இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. சாதாரணக் கூலிக்காரருக்கு வாரத்துக்கு ஒரு பவுண்டு வந்தால் அதிகம். பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு ஐந்து ஷில்லிங் வரை. கட்ட முடியாவிட்டால்? 1879 சட்டத்தில் அதற்கு விலைப்பட்டியல் போலவே ஓர் அட்டவணை இருக்கிறது. பத்து ஷில்லிங் வரை ஏழு நாள், ஒரு பவுண்டு வரை பதினான்கு நாள், ஐந்து பவுண்டு வரை ஒரு மாதம். குற்றம் ஒன்றே, தீர்ப்பும் ஒன்றே. ஒருவர் சில்லறையை எண்ணிவைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார், அடுத்தவர் வின்சன் கிரீன் ஜெயிலுக்குப் போகிறார். அந்த நூற்றாண்டில் ஜெயிலுக்குப் போனவர்களில் எத்தனையோ பேருக்குத் தண்டனை அபராதம் மட்டுமே. காசில்லாததால் அது சிறையானது.

வின்சன் கிரீனைப் பற்றிய கூட்டம்தான் இந்த ஆண்டில் கனமானது. 1849-இல் திறந்த ஜெயில் அது. முதல் அதிகாரி மெக்கனாக்கி, கைதியைத் திருத்த முடியும் என்று நம்பியவர். 1851-இல் அவரை அனுப்பிவிட்டு, அவருக்குக் கீழே இருந்த லெப்டினன்ட் ஆஸ்டினை அமர்த்தினார்கள். 1853-இல் எட்வர்ட் ஆண்ட்ரூஸ் என்ற பதினைந்து வயதுப் பையன் மூன்று மாதத் தண்டனையோடு உள்ளே வந்தான். திருடியது நான்கு பவுண்டு மாட்டிறைச்சி, நம் கணக்கில் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

அங்கே 'கிராங்க்' என்று ஒரு பொறி. சுவரோரம் இருக்கும் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். அதனால் எதுவும் அரைபடாது, எதுவும் இறைபடாது. எத்தனை சுற்று என்று எண்ணிக்காட்டும், அவ்வளவுதான். நாளொன்றுக்கு பத்தாயிரம் சுற்று. பத்து மணி நேர வேலை என்று வைத்தால் மணிக்கு ஆயிரம், நிமிடத்துக்குப் பதினாறு பதினேழு. எங்கள் கூட்டத்தில் இளைஞர் ஒருவர், இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, வெறுங்கையை அந்த வேகத்தில் காற்றில் சுற்றிப் பார்த்தார். சீக்கிரமே தோள் பிடித்துக்கொண்டது. கையில் எடையே இல்லாமல். கணக்கு முடிக்காத கைதிக்கு ரொட்டியும் தண்ணீரும்தான். அதற்கும் பணியாவிட்டால் கைகளைக் கட்டும் சட்டை, கழுத்தில் விறைத்த தோல்பட்டை, சுவரோடு சேர்த்து மணிக்கணக்கில் நிற்க வைப்பது, மேலே குளிர்ந்த தண்ணீரை வாளியால் ஊற்றுவது. ஏப்ரல் மாதத்தில் ஆண்ட்ரூஸ் தன் அறையில் தூக்குப் போட்டுக்கொண்டான்.

விசாரணைக் கமிஷன் வந்தது. ஆஸ்டின் பிறகு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு மூன்று மாதத் தண்டனை பெற்றார். மூன்று மாதம், பையனுக்குக் கொடுத்த அதே அளவு. ஆனால் கமிஷன் கண்டித்தது ஜெயில் அதிகாரிகளை மட்டுமல்ல. ஜெயிலைப் போய்ப் பார்த்துக் கண்காணிக்க வேண்டிய பொறுப்பு மாஜிஸ்திரேட்டுகளுடையது. மேசையில் உட்கார்ந்து உள்ளே அனுப்பிய அதே வர்க்கத்தார்தான் உள்ளே என்ன நடக்கிறது என்றும் பார்த்திருக்க வேண்டும். அவர்கள் பார்க்கவில்லை. சட்டத்தில் எழுதியிருந்ததைவிட மோசமான தண்டனை அந்த இடைவெளியில்தான் நடந்தது. ஆஸ்டினைக் கொடுமைக்காரர் என்று சொல்லி முடித்துக்கொள்வது மாஜிஸ்திரேட்டுகளுக்கு வசதியாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். தலைவர் இதில் என்னோடு உடன்படவில்லை என்பதையும் பதிவுசெய்கிறேன்.

இதே ஊரில் இதே காலத்தில் மறுபக்கமும் உண்டு. 1839-இல் இவ்வூர் ரெக்கார்டராக, அதாவது நகரச் செஷன்ஸ் நீதிபதியாக வந்த மேத்யூ டேவன்போர்ட் ஹில், சிறுவர்களைப் பொறுப்பேற்கப் பெற்றோரோ முதலாளியோ முன்வந்தால், பேருக்கு ஒரு தண்டனையைச் சொல்லி அவர்களிடமே ஒப்படைத்தார். போலீஸ்காரர் அவ்வப்போது போய், பையன் எப்படி இருக்கிறான் என்று விசாரித்துப் பதிவேட்டில் எழுதுவார். 1851 டிசம்பரில் ஹில்லும் பிரிஸ்டலைச் சேர்ந்த மேரி கார்ப்பென்டரும் சேர்ந்து பர்மிங்காமில் கூட்டிய மாநாட்டுக்குப் பிறகு, 1854-இல் சீர்திருத்தப் பள்ளிகளுக்குச் சட்டம் வந்தது. அதிலும் ஒரு முள்: பள்ளிக்கு அனுப்பும் முன் பதினான்கு நாளாவது ஜெயிலில் வைத்தாக வேண்டும். மேரி கார்ப்பென்டர் 1866-இல் இந்தியாவுக்குப் போனார், சென்னைக்கும் வந்தார். இந்தியாவுக்கான சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் 1876-இல் வந்தது.

எதிர்பாராத சூடு பிறந்தது முதலாளி – வேலைக்காரர் சட்டத்தைப் பேசிய மாலையில். ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுப் போகும் தொழிலாளியை 1823-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாஜிஸ்திரேட் மூன்று மாதம் வரை சிறைக்கு அனுப்பலாம். முதலாளி மீறினால் அது வெறும் பணத் தகராறு. சுற்றுவட்டார இரும்புப் பட்டறை, சுரங்க ஊர்களில் மாஜிஸ்திரேட்டே இன்னொரு பட்டறை முதலாளியாகவும் இருப்பார். தொழிற்சங்கங்கள் போராடி 1875-இல் இதை ஒழித்தன. அப்போது மலையகத்தில் பிறந்து வளர்ந்த அண்ணன் ஒருவர் எழுந்து, இலங்கையில் 1865-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளியையும் இப்படித்தான் மறியலுக்கு, அதாவது சிறைக்கு, அனுப்பினார்கள், இங்கே ஒழிந்த பிறகும் அங்கே பல பத்தாண்டுகள் அது இருந்தது என்றார். பழைய தோட்டம் தரும் துண்டுச் சீட்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் சேரமுடியாது என்று தன் பாட்டி சொன்னதையும் சொன்னார். இந்தியாவில் 1859-ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது சட்டம் இதே வேலையைச் செய்தது. அன்றைக்கு அரங்கச் சாவிக்காரர் வந்து விளக்கை அணைக்கும்வரை பேச்சு ஓயவில்லை. அடுத்த கூட்டத்துக்கான டீச் செலவை அண்ணனே ஏற்றுக்கொண்டார்.

வெளியே போனது ஒருமுறை, ஸ்டீல்ஹவுஸ் லேனில் இருக்கும் பழைய லாக்கப்புக்கு. 1891-இல் கட்டியது, 2016 வரை ஆட்களை அடைத்திருக்கிறார்கள், இப்போது போலீஸ் அருங்காட்சியகம். எதிரே செந்நிறச் சுடுமண் வேலைப்பாட்டோடு நிற்கும் விக்டோரியா நீதிமன்றத்துக்குத் தரைக்கடியில் ஒரு சுரங்கப்பாதை போகிறது. கைதி தெருவெளிச்சத்தைப் பார்க்காமலேயே கூண்டில் ஏறி நிற்கலாம். பழைய கைதிகளின் புகைப்படங்களும் அங்கே உண்டு. 1850-களிலேயே இந்த ஊர்ப் போலீஸ் படமெடுக்கத் தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உடுப்புப் போட்டுக்கொண்டு கல்யாணப் படத்துக்கு உட்கார்ந்தவர்கள் போல் சிலர் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் பார்த்துவிட்டு உடனே வெளியே வந்துவிட்டார்கள்.

கணக்கு விவரம் பொருளாளரின் தனித்தாளில் இருக்கிறது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை வாசிக்க வேண்டாம் என்று குழு முடிவு செய்திருக்கிறது, அவர்களுக்கே தெரியும். அரங்க வாடகை கூடியிருக்கிறது. நூலகப் பெட்டியிலிருந்து எடுத்த புத்தகங்களைத் தயவுசெய்து திருப்பித் தரவும்.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு யோசனைகள் வந்துள்ளன. சங்க இலக்கியம் ஒன்று. அது இந்த முறை விட்டுப்போன கடன். மற்றொன்று, சென்னை மாகாணத்தின் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளை இதே கோணத்தில் படிப்பது. மதுரை வக்கீல் ஐயா பொறுப்பேற்கத் தயார் என்கிறார். இணைச்செயலாளர் பதவி காலியாக இருக்கிறது. கூட்டக் குறிப்பு எழுதத் தமிழ் தட்டச்சுத் தெரிந்த யாராவது முன்வந்தால் நல்லது. இவ்விரண்டையும் பொதுக்குழுவின் முடிவுக்கு வைத்து, இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்