கூலி போகாமல் ஒரு பரிசோதனை

மார்த்தாண்டம்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். சாரல் விடாமல் பெய்கிறது, குழித்துறை ஆற்றில் தண்ணீர் நிறைந்து ஓடுகிறது. மழையால் தம்பிக்கு ரப்பர் பால் வெட்டு நின்று கிடக்கிறது. அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி குறையில்லை.

இலவசப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தும் உங்கள் பனியன் கம்பெனி தையல் பிரிவிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை, இவர்களுக்கு உடம்பு மேல் அக்கறையே இல்லை என்று எழுதியிருந்தாய். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் அண்டி ஆபீசில், இந்த முந்திரித் தொழிற்சாலையில், பெரும்பாலும் பெண்கள்தான். விடியுமுன் எழுந்து சோறு பொங்கி, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு பஸ் பிடித்து வருகிறவர்கள். உரித்த பருப்பின் எடைக்குத்தான் கூலி. ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டு மருந்தகத்தில் போய் வரிசையில் நின்றால் அன்றைய எடை போச்சு. நாம் இலவசம் என்கிறோம், அவர்களுக்கு அதன் விலை ஒரு நாள் கூலி. உங்கள் டெய்லர்களுக்கும் பீஸ் ரேட்தானே?

இத்தனைக்கும் அது அவர்கள் பணம். ஈஎஸ்ஐக்கு மாதாமாதம் கூலியில் 0.75 சதவீதம் பிடிக்கிறோம், நிறுவனம் 3.25 சதவீதம் கட்டுகிறது. 40 வயது தாண்டியவர்களுக்கு வருடாந்தரப் பரிசோதனைக்கும் அதில் வழி இருக்கிறது. காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க மட்டும்தான் அந்த அட்டை என்று பலர் நினைத்திருக்கிறார்கள்.

அதனால் இந்த முறை முதலில் முதலாளியிடம் போய் உட்கார்ந்தேன். பரிசோதனைக்குச் செலவாகும் நேரத்துக்கு, அவரவர் முந்தைய வாரச் சராசரியில் கூலி போட்டுக் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். இருந்ததிலேயே பெரிய மல்லுக்கட்டு இதுதான். கடைசியில் சம்மதித்தார். அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசினோம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து வீடு தேடி வருகிறார்கள்தான், ஆனால் எங்கள் பெண்கள் பகலில் வீட்டில் இருப்பதில்லையே. இப்போது வேலை செய்யும் இடத்துக்கும் வருகிறார்கள்.

சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்லாதே. சாப்பிடாமல் எப்படிக் குனிந்திருந்து வேலை செய்வார்கள்? எச்பிஏ1சி சோதனைக்குப் பட்டினி வேண்டாம், இரண்டு மூன்று மாதச் சராசரியையும் அது காட்டிவிடும். வசதி இருந்தால் அதையே கேள்.

அடுத்தது பயம். "இல்லாத நோயை நாம ஏன் தேடிப் போகணும்?" என்று ஒரு அக்கா கேட்டார். ரிப்போர்ட் ஆபீசுக்குப் போகும், சீக்காளி என்று நிறுத்திவிடுவார்கள் என்பதுதான் உள்ளே இருந்த கவலை. நியாயமான கவலை. ரிப்போர்ட்டை மூடிய கவரில் அவரவர் கையில் மட்டும் கொடுக்கச் சொன்னோம், நான்கூடப் பார்ப்பதில்லை. ஈஎஸ்ஐயில் தகுதி உள்ளவர்களுக்கு நோய்க்கால உதவியாக 70 சதவீதக் கூலி வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும், அதை வாங்கும் நாட்களில் வேலையை விட்டு நீக்கச் சட்டம் இடம் கொடுக்காது என்று ஒவ்வொரு பகுதியாகப் போய்ச் சொன்னேன். ஆனாலும் தரம் பிரிக்கும் பகுதியின் மூத்த அக்கா முதலில் கையை நீட்டிய பிறகுதான் மற்றவர்கள் எழுந்தார்கள். என் பேச்சைவிட அவர் எழுந்து போனதுதான் வேலை செய்தது. உங்கள் லைனிலும் அப்படி ஒருவர் இருப்பார், அவரைப் பிடி.

அன்றைக்கு ஒருத்தி, தலைவலிகூட இல்லை என்று சிரித்துக்கொண்டே வந்தாள். பிரஷர் 180. வெளியில் எதையும் காட்டாமல் உள்ளே ஏறுகிற நோய் அது. மாத்திரை தொடங்கியாயிற்று.

இன்னும் முடியாமல் நிற்பது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை. கிருமி தொற்றியதிலிருந்து அது புற்றாக மாறப் பெரும்பாலும் 15 முதல் 20 வருடம் எடுக்கும். இவ்வளவு அவகாசம் தருகிற நோயில் ஒரு பெண்ணைப் பறிகொடுப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. சோதனைக்குச் சில நிமிடம் போதும். ஆனால் தனி அறையும் பெண் செவிலியரும் வேண்டும், அண்டி ஆபீசில் அதற்கு வசதி இல்லை. பத்துப் பத்துப் பேராக வேனில் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகலாம் என்று நினைக்கிறேன். அந்த நேரத்துக்கும் கூலி கேட்க வேண்டும், கேட்பேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது, நீயும் நாற்பதைத் தாண்டியாயிற்று. ஊழியர்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவன், உன் பிரஷர் என்ன, சர்க்கரை என்ன என்று ஒரு வரி எழுதவில்லையே. இந்த வாரமே பார்த்துவிட்டு ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. ஆடி அமாவாசைக்கு வாவுபலி பொருட்காட்சி பார்க்கப் பிள்ளைகளோடு வருவாய்தானே? முன்கூட்டியே சொல், அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்